சட்டையில பட்ட சூப்பு

முருகன் துணை.

ஏலே அப்பு, நல்லா இருக்கியான்னு கேட்டு இந்தக் கடுதாசிய ஆரம்பிக்க மாட்டேன். நீ நல்லாத்தான் இருப்ப. உன்னை மாதிரி ஆளுக்கு என்ன கேடு வரப்போகுது? தெருமுக்குல பரோட்டாக்கடை இருக்கு, துணி வெளுக்க லாண்ட்ரி இருக்கு, தடவிக்கிட்டே கெடக்க போன் இருக்கு. பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயி இருபத்தஞ்சு நாளாச்சு. நேத்து போன்ல என்ன சொன்ன? "சின்னம்மா, நீ நாகல் நகர் போயி அவளக் கூட்டிக்கிட்டு வந்துரு. ஒரு சூப்புக்குப் போயி இம்புட்டு ஆட்டமா ஆடுறது?"ன்னு சொன்ன. நான் பதில் சொல்லாம போனை வச்சேன். சிக்னல் இல்லன்னு நெனச்சிருப்ப. சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. வாயத் தொறந்தா என்ன வரும்னு எனக்கே பயமா இருந்துச்சு, அதான் வச்சுட்டேன். பேசுனா நீ நடுவுல நடுவுல "சரி சின்னம்மா, சரி சின்னம்மா"ன்னு சொல்லி அமுக்கிருவ. எழுதுனா முழுசாப் படிச்சுத்தான் ஆகணும். நான் எட்டாவது வரைக்கும் நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல படிச்சவ, எழுத்து கோணலாத்தான் இருக்கும். படி. பூ மார்க்கெட்டுக்கு வர்ற பக்கத்து வீட்டு முத்தையாகிட்டத்தான் குடுத்து விடுறேன், உறைகூடப் போடலை. அவன் படிச்சாலும் படிக்கட்டும். அவன் வீட்டுலயும் ஒருத்தன் கல்யாணத்துக்கு நிக்கிறான்.

நான் நாகல் நகர் போயி கௌசல்யாவக் கூட்டிட்டு வர மாட்டேன். மொதல்ல அதத் தெரிஞ்சுக்க. ஏன்னா, நான் ஏற்கெனவே போயிட்டு வந்துட்டேன். உங்கிட்டச் சொல்லல. அதை அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் கிருத்திகை அன்னைக்கு உன் வீட்டு அடுப்படியில என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், நீ கேளு. நீயும் அங்கதான் இருந்த, ஆனா நீ பாத்தது உன் சட்டைய மட்டுந்தான்.

அன்னைக்கு காலையிலருந்து பச்சைத்தண்ணி தவிர எதுவும் என் தொண்டையில எறங்கல. மாசாமாசம் கிருத்திகை விரதம் நான் இருக்கிறது உனக்குத் தெரியும், நீ நல்லா இருக்கணும்னு ஆரம்பிச்ச விரதம்தான் அது, பலன் எப்படி இருக்குன்னு இப்பத்தான் பாக்குறேன். சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு, விரதம் முடிக்க உன் வீட்டுக்கு வந்தேன். நீ எவனோ கூட வேலை பாக்குறவன் ரிசப்ஷனுக்குப் போக, அந்தச் சந்தனக் கலர் புதுச்சட்டையப் போட்டு, கண்ணாடிய விட்டு நகராம நிக்கிற. அந்தப் பிள்ளை அடுப்படியில நிக்கிது. நம்ம தோட்டத்து மஞ்சப்பூசணியும் கேரட்டும் வேக வச்சு எறக்கியிருந்துச்சு. "அத்தை, வெங்காயம் பூண்டு எதுவும் போடலை. நாளெல்லாம் வெறும் வயிறு, எடுத்த எடுப்புல சோறு தின்னா நெஞ்சக் கரிக்கும். இந்த சூப்பக் குடிச்சுட்டு செத்த நேரம் கழிச்சுச் சாப்பிடுங்க"ன்னு சொல்லுச்சு. இருவது வருசமா விரதம் இருக்கேன்டா நான். எங்க நெஞ்சு கரிக்குமேன்னு எவன் யோசிச்சான்? உங்க சித்தப்பா யோசிச்சாரா, நீ யோசிச்சியா? வந்து எட்டு மாசமான பிள்ளை யோசிச்சுச்சு.

அதுக்கு நான் என்ன சொன்னேன்? எழுதவே கை கூசுது, இருந்தாலும் எழுதுறேன். "ஏத்தா, ஆட்டுக்கால்ல வச்சாத்தான் சூப்பு. பூசணிக்காய வேக வச்சு அரைச்சா அதுக்குப் பேரு மாட்டுத்தீனி"ன்னேன். நீ கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டே கெக்கெக்கேன்னு சிரிச்ச. நீ சிரிக்கவும் எனக்குக் குளிரு விட்டுப் போச்சு. நம்ம பேச்சுக்குக் கூட்டம் சேந்துருச்சுன்னா இந்த நாக்கு சும்மா இருக்காதே. அந்தப் பிள்ளை பாத்திரத்தத் தண்ணித் தட்டுல எறக்கி ஆற வச்சிருந்துச்சு. "அது என்ன, ஆறிப்போனதையா விரதக்காரிக்குக் குடுக்கப் போற? எங்க வீட்டுல ஆறுனத நாய்க்குத்தான் ஊத்துவோம்"ன்னு அடுத்ததையும் சொன்னேன். நீ உள்ள இருந்து, "சின்னம்மாவுக்குச் சீக்கிரம் குடுத்துட்டு வா, எனக்கு நேரமாகுது"ன்ன. நம்ம பக்கம் பெரியவுகளுக்கு ஆறுன சோறு போடுறது அவமரியாதைன்னு நமக்குத் தெரிஞ்ச மாதிரி அதுக்கும் தெரியும். பாவம், பயந்துபோயி பாத்திரத்தத் தூக்கி, கொதி அடங்காததை அப்படியே மிக்ஸி ஜாருல கழுத்து முட்ட ஊத்தி, மூடிய அமுக்கிப் பிடிச்சு சுவிட்சத் திருகுச்சு.

வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். மூடி எகிறி அலமாரியில பட்டு விழுந்துச்சு. சுவரெல்லாம் மஞ்சள், மேக்கூரையில மஞ்சள். அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் கொதிக்கிற குழம்பா வழியுது. நீ ஓடி வந்த. ஓடி வந்தியேன்னு எனக்கு ஒரு கணம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. வந்து என்ன சொன்ன? "ஐயோ, சட்டை!"ன்ன. ரெண்டு சொட்டு. ஜோப்புக்கு மேல ரெண்டே சொட்டு. ஈரத்துணிய எடுத்துக்கிட்டு மறுபடியும் கண்ணாடிக்கு ஓடுன. அது கொழாயத் தொறந்து கையக் காட்டிக்கிட்டு, உன் முதுகையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் இட்லி மாவத் தூக்கிக்கிட்டுப் போனேன், நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதானே. "வேணாம் அத்தை, தண்ணிதான் நல்லது"ன்னு சொல்லி கொழாயடியிலயே ரொம்ப நேரம் நின்னுச்சு. நீ வேற சட்டை மாட்டிக்கிட்டு வந்து, "ஒரு மூடிய ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு?"ன்னு கேட்டுட்டு, பைக்க எடுத்துக்கிட்டுப் போயிட்ட. ஆம்பளை! பிரியாணி நல்லா இருந்துச்சாப்பா?

நான் மட்டும் என்ன யோக்கியம்? "பாத்துச் செய்யக் கூடாதாத்தா"ன்னேன். ஆற வச்சதைக் கெடுத்தது நானு, பாத்துச் செய்யச் சொன்னதும் நானு. அது ஒரு கையால செவுரத் தொடச்சு, ஒரு கையால எனக்குச் சோறு போட்டுச்சு. நானும் சாப்பிட்டேன். நாள் பூரா முருகா முருகான்னு உருப்போட்ட வாயால, வெந்துபோன கையி போட்ட சோத்த நல்லா சாப்பிட்டேன். மறுநா காலையில நான் பஸ் ஏறுன பிறகு, அதுவும் ஒரு பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு.

நீ இப்படி ஆனதுக்கு ஆரம்பம் எங்கன்னு இந்த இருபத்தஞ்சு நாளா யோசிக்கிறேன். நீ ஏழாவது படிக்கிறப்ப ஒரு நா தோசைக்கல்லு வழுக்கி என் காலு மேல விழுந்துச்சு. நான் அம்மான்னு கத்துனேன். நீ வந்து எட்டிப் பாத்து, "என் தோசை கருகிருச்சா?"ன்னு கேட்ட. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் அதைப் பெருமையா வேற சொன்னேன், "எம்பிள்ளைக்குத் தோசைதான் உசுரு"ன்னு. அன்னைக்கே உன் மண்டையில நறுக்குன்னு ஒரு கொட்டு வச்சிருந்தா இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி இல்ல. சூடாத் தட்டுல வந்து விழுகுறது மட்டுந்தான் உனக்குத் தெரியும், சூடு எங்கருந்து வருதுன்னு தெரியவே இல்ல. தாயில்லாப் பிள்ளை, தாயில்லாப் பிள்ளைன்னு தாங்கித் தாங்கி உன்னை ஒரு கல்லா ஆக்கி வச்சிருக்கேன். கோயில்ல நிக்கிற கல்லாச்சும் கும்பிட்டா வரம் குடுக்குது.

சரி, நாகல் நகர் போன கதைக்கு வாரேன். பன்னெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன். நீ போவ, இன்னைக்குப் போவ, நாளைக்குப் போவன்னு இருந்தேன். நீ எங்க போன! அதான் நானே பஸ் ஏறி, ஆட்டோ பிடிச்சுப் போனேன். வெறுங்கையோட போகக் கூடாதேன்னு, நம்ம தோட்டத்துல காச்சதுல நல்லதாப் பாத்து ஒன்னத் தூக்கிட்டுப் போயிட்டேன். போயி இறங்குன பிறகுதான் புத்திக்கு உறைக்குது, நான் தூக்கிட்டு வந்திருக்கிறது மஞ்சப்பூசணி. கௌசல்யாவோட அம்மா வாசல்லயே நிக்குது. என்னைப் பாத்துச்சு, காயப் பாத்துச்சு. "வாங்க சம்மந்தி. எம்பொண்ணுக்கு இன்னொரு கையி மிச்சம் இருக்கேன்னு கொண்டாந்தீங்களா?"ன்னு கேட்டுச்சு. எங்கயாச்சும் முட்டிக்கிட்டுச் சாகலாம்னு இருந்துச்சு எனக்கு. உள்ள இருந்து அந்தப் பிள்ளைதான் சிரிச்சுச்சு. "அம்மா, விடும்மா, அத்தை பஸ்ல இத மடியில வச்சுக்கிட்டு வந்திருக்காங்க, அதுவே போதும்"னு சொல்லி, காய வாங்கி உள்ள வச்சுச்சு.

கையப் பாத்தேன். கொப்புளம் உடைஞ்சு தோல் உரிஞ்சு, புதுத்தோலு செவப்பா வந்திருக்கு. "எரியுதாத்தா?"ன்னேன். "கை எரிச்சல் ஒரு வாரத்துல போயிருச்சு அத்தை. அவரு மொதல்ல சட்டையத்தான் பாத்தாரு. அத என்ன பண்றதுன்னுதான் தெரியலை"ன்னு சொல்லுச்சு. அழுகல. கத்தல. நீ நெனைக்கிற மாதிரி ஆட்டமும் ஆடல. "வா, போகலாம்"னு கூப்பிட்டேன். "நீங்க கூப்பிட்டு வந்தா, நாளைக்கும் எதுன்னாலும் நீங்கதான் வரணும். அவரு வந்தா பேசுறேன். வரலைன்னா, இங்கயே ஒரு வேலை பாத்துக்கிறதா இருக்கேன்"னுச்சு. அந்தப் பிள்ளை வெளையாட்டுக்குச் சொல்லல அப்பு. நீ இன்னும் வெளையாட்டுன்னே நெனச்சுக்கிட்டு இருக்க. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. நாளு ஒன்னு ஒன்னாப் போகப் போக அந்தப் பிள்ளைக்கு உன் மூஞ்சி மறக்கும், முதுகு மட்டுந்தான் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் நான் ஒன்னு கேட்டேன். "அன்னைக்குக் குடிக்காத சூப்ப இன்னைக்கு வச்சுக் குடுப்பியா, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்"னேன். அதோட அம்மா முகத்த ஒரு பக்கம் திருப்பிக்கிச்சு, ஆனா அடுப்ப விட்டு விலகி எடம் விட்டுச்சு. அங்க நின்னு பாத்ததத்தான் உனக்கு எழுதுறேன். நல்லாப் படிச்சுக்க, ஏன்னா செய்யப்போறது நீதான். முழிக்காத. நீதான். போன்ல எவளோ பூ மாதிரி அலங்காரம் பண்ணி, மேல எலையச் சொருகிக் காட்டுவா, அதெல்லாம் பாக்காத. அவளுகளுக்கு மிக்ஸி கழுவ ஆள் இருக்கும்.

மஞ்சப்பூசணி ஒரு கீத்து, கையகலம். தோலச் சீவணும். அருவாமனை உனக்கு ஆகாது, கத்தியில சீவு, வெரல எண்ணிக்கிட்டே சீவு. கேரட்டு ரெண்டு. கொழகொழன்னு வர்றதுக்கு ஒரு சின்ன உருளைக்கிழங்கு, இல்லன்னா ஒரு பிடி வெந்த சோறு. அடுப்புல வெண்ணெய் கொஞ்சம் போட்டு, உருகுனதும் காயப் போட்டுப் பெரட்டு. தீயக் கொறைச்சு வை. உன் புத்திக்குத் தீயப் பெருசா வச்சாச் சீக்கிரம் ஆகும்னு தோணும், ஆகாது, அடிப்பிடிக்கும். காய் முழுகத் தண்ணி விட்டு, உப்புப் போட்டு, கரண்டியால அமுக்குனா மசியிற வரைக்கும் வேக விடு. நடுவுல போனை எடுக்காத. வெந்ததும் எறக்கி, தண்ணித் தட்டுல வச்சு ஆற விடு. ஏலே, ஆற விடு. எவ வந்து "ஆறுனத நாய்க்குத்தான் ஊத்துவோம்"னு சொன்னாலும், அவ உன்னை வளத்த சின்னம்மாளா இருந்தாலும், போடி உன் சோலியப் பாத்துக்கிட்டுன்னு சொல்லிட்டு ஆற விடு. பாத்திரத்துல கை வச்சா கை பொறுக்கணும், அதான் கணக்கு. ஜாருல பாதிக்கு மேல ஊத்தாத. நைசா அரைச்சு, வடிகட்டியில கரண்டிய வச்சுத் தேச்சு வடி. திப்பி ஒன்னு நிக்கக் கூடாது. மறுபடி அடுப்புல ஏத்தி, சூடு பண்ணி, தேங்காயோட மொதப்பாலு அரைக் கிளாஸ் விட்டதும் எறக்கிரு, கொதிச்சாத் திரிஞ்சு போகும். மொளகப் பொடிச்சுத் தூவு. கடுகு, கருவேப்பிலைன்னு தாளிக்காத. நான் அங்கயும் வாய் சும்மா இல்லாம, "தாளிக்காம ஒரு வெஞ்சனமா?"ன்னு கேட்டேன். "அத்தை, இது சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனம் இல்ல, வெழுவெழுன்னு எறங்கணும், நடுவுல கடுகு மாட்டுனா என்னத்துக்கு இம்புட்டு வடிகட்டுனோம்?"னு கேட்டுச்சு. வாய மூடிக்கிட்டேன். இந்த அம்பது வயசுக்கு மேல நான் வாய மூடுனது அதான் மொதத் தடவையா இருக்கும்.

ஒரு டம்ளர்ல ஊத்திக் குடுத்துச்சு. குடிச்சேன் அப்பு. ஒரு வாய் எறங்குச்சோ இல்லையோ, எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. ருசிக்காக இல்ல. ருசி நல்லாத்தான் இருந்துச்சு, லேசா இனிப்பு, பின்னாடி மொளகு. ஆனா இது நான் வச்ச சமையல்டா. நான் இருபத்தாறு வருசத்துக்கு முன்னாடி வச்சது.

உங்க அம்மா, என் அக்கா, கண்ண மூடுனப்ப உனக்கு மூணு வயசு. எனக்குக் கல்யாணமாகி அஞ்சு மாசம். உன்னைத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டுட்டாங்க. நீ மெல்ல மாட்டேன்ட்ட. சோத்த ஊட்டுனா கன்னத்துல அதக்கி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஒக்காந்திருப்ப, அப்புறம் துப்பிருவ. பிஸ்கட்டும் மெல்லல, வாழைப்பழமும் மெல்லல. இப்படியே போனா பிள்ளை தேறாதுன்னு ஊரே பேசுச்சு. அப்ப நம்ம கூரை மேல கெடந்த பூசணிய வெட்டி, வேக வச்சு, மத்தால கடைஞ்சு, உங்க சித்தப்பா வேட்டித் துணியக் கிழிச்சு அதுல வடிகட்டி, கைச்சூடு பாத்துப் பாத்து ஆத்தி, வெண்ணெயக் கரைச்சு ஒரு கரண்டி உன் வாயில விட்டேன். நீ முழுங்குன. என்னைப் பாத்த. இன்னொரு கரண்டிக்கு வாயத் தொறந்த. எங்கையால நீ மொத மொத தின்னது அதான். ஒரு மாசத்துக்கு மேல அதான் உனக்கு உசுரு. "மூணு வயசுப் பயலுக்கு மாட்டுத்தீனியக் கரைச்சு ஊத்துறா, இவ பெத்தவளா என்ன?"ன்னு நம்ம வாசல்லயே நின்னு சொன்னாளுக. அடுப்படியில ஒக்காந்து நான் அழுத அழுகை அந்த அடுப்புக்குத் தெரியும். அப்புறம் எப்படிடா அதே வார்த்தைய எடுத்து நானே அந்தப் பிள்ளை மேல வீசுனேன்? இதத்தான் முருகன்கிட்டத் தெனம் கேக்குறேன். அவன் பதில் சொல்லல. அவனுக்கே என்னைப் பாக்கப் பிடிக்கலையோ என்னமோ.

அந்தப் பிள்ளைகிட்ட அங்கயே சொன்னேன், "தப்பு என்மேல ஆத்தா, உன் கையச் சுட்டது என் நாக்கு"ன்னு. அதோட அம்மா எதிர்லயே சொன்னேன். என் பங்கு முடிஞ்சுச்சு. உன் பங்க நான் செய்ய மாட்டேன். இத்தன வருசம் உன் பங்கையும் சேத்துச் செஞ்சதாலதான் வந்த வினை.

நாளான்னைக்குக் கிருத்திகை. சாயங்காலம் விரதம் முடிக்க உன் வீட்டுக்கு நான் வர மாட்டேன், இங்க அகரத்துலதான் இருப்பேன். நீ அன்னைக்கு லீவு போடு, ரிசப்ஷனுக்குப் போட்டது போதும். நான் எழுதுன மாதிரி சூப்ப வையி. மொதத் தடவை கெட்டுப் போகும், கெடட்டும், கொட்டிட்டு மறுபடி வையி. தூக்குல ஊத்திக்கிட்டு நாகல் நகர் போ. அதோட அம்மா வாசல்ல நின்னு நாலு வார்த்தை சொல்லும். அஞ்சாவதும் சொல்லட்டும்னு தலையக் குனிஞ்சு நில்லு. வீட்டுக்கு வான்னு எடுத்த எடுப்புல கூப்பிடாத. சூப்பு வச்சிருக்கேன்னு பீத்திக்கவும் செய்யாத. கையக் காட்டுன்னு கேளு. காட்டுச்சுன்னா, பிடிச்சுப் பாரு, நல்லாப் பாரு. காட்டலைன்னா, காட்டுற வரைக்கும் ஒக்காந்திரு. அப்புறம் ரெண்டு பேரும் வந்தா, அந்தத் தூக்குல மிச்சம் இருக்கிறத நான் குடிச்சு விரதத்த முடிக்கிறேன். வழியில ஆறிப் போயிருமேன்னு கவலைப்படாத. ஆறுனதத்தான் குடிப்பேன். வரலைன்னா, அன்னைக்கும் சரி, அடுத்த கிருத்திகைக்கும் சரி, காலையில வச்சு ஆறிப்போன கஞ்சிதான் எனக்கு, அதுவும் நாய்க்கு ஊத்துற சட்டியில. முருகன் மேல ஆணையாச் சொல்லியிருக்கேன், எம்மனச மாத்தப் பாக்காத.

இன்னொன்னு. அந்தச் சந்தனக் கலர் சட்டை இருக்குல்ல? ரெண்டு தடவை லாண்ட்ரிக்குப் போட்டும் மஞ்சக் கறை போகலைன்னு போன்ல அம்புட்டு வருத்தமாச் சொன்னியே. போகாது. அது நம்ம தோட்டத்துப் பூசணி. போறப்ப அதையே போட்டுக்கிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் சின்னம்மா